விசிறி ஓடுகிறது, ஈரம் போகவில்லை

(கும்மிடிப்பூண்டியில் வீட்டு உரிமையாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள், மின்பணியாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். வீட்டுக்குப் போனதும் உங்கள் குளியலறைக் கூரையின் மூலையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மிளகைத் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் இருக்கிறதா? கதவின் அடிப்பக்கம் ஊதி, பிளை தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறதா? குளியலறைக்கு மறுபக்கம் இருக்கும் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் பொரிந்து, விரலால் தொட்டால் புட்டி மாவாக உதிர்கிறதா? பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும், இந்தப் பக்கம் திருவள்ளூர் காக்களூர் வரைக்கும், நான் வேலைக்குப் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கோலம்தான். எல்லோரும் சொல்வதும் ஒன்றுதான்: “ஃபேன் போட்டும் ஓதம் போகலையே!”

உடனே கடைக்குப் போய் இன்னும் பெரிய ஃபேன் வாங்குகிறார்கள். அதுவும் ஓடுகிறது. ஓதம் அப்படியே இருக்கிறது.

ஃபேன் காற்றை நகர்த்தும். அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். நகர்கிற காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, வெளியேறி எங்கே போகிறது, வரும்போதே எவ்வளவு ஈரத்தைச் சுமந்து வருகிறது என்பதைப் பார்க்காமல் ஃபேனை மாற்றிப் பயனில்லை. இன்று நான் சொல்ல வந்தது முழுக்க இதைப் பற்றித்தான்.

முதலில் நம் ஊர்க் காற்றைப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது, நீராகக் கொட்டிவிடும். நம் கடலோரத்தில் மழைக்காலத்து மாலையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்பது சர்வசாதாரணம். அதாவது வெளியிலிருந்து வரும் காற்று ஏற்கெனவே 24 கிராமைச் சுமந்துகொண்டுதான் உங்கள் குளியலறைக்குள் நுழைகிறது. இன்னும் 6 கிராமுக்குத்தான் அதில் இடம் இருக்கிறது.

7 அடிக்கு 5 அடி குளியலறை, 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 9 கன மீட்டர் காற்று. ஒருவர் குளித்து முடித்தபின் தரையிலும் சுவரிலும் அரை லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கிறது என்பது மிகை இல்லை. அந்த 500 கிராமை, கன மீட்டருக்கு 6 கிராம் வீதம் வெளியேற்ற, 83 கன மீட்டர் காற்று போயாக வேண்டும். குளியலறை ஃபேன் நிமிடத்துக்கு 50 கன அடியாவது இழுக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் அளவுகோல். மணிக்கு 85 கன மீட்டர். ஆக, எல்லாம் சரியாக இருந்தாலே ஒரு மணி நேரம் ஆகும். அடைமழை நாளில் ஈரப்பதம் 95 சதவீதம் தொட்டால் அதே தண்ணீரை வெளியேற்ற ஏறத்தாழ நான்கு மணி நேரம் போகும்.

குளிர்நாடுகளில் எழுதிய கையேடுகளில் “குளித்தபின் 20 நிமிடம் ஓட விடுங்கள்” என்று இருக்கும். அவர்கள் ஊரில் அது சரிதான். 5 டிகிரி குளிரில் இருக்கும் காற்று கன மீட்டருக்கு 5 கிராம் சொச்சம் நீராவிதான் வைத்திருக்கும். அது வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் இன்னும் 12 கிராமைக் குடிக்க இடம் வந்துவிடுகிறது. நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. அந்த 20 நிமிடத்தை அப்படியே நாம் எடுத்துக்கொண்டு, ஃபேனை அணைத்துவிட்டு, கதவையும் சாத்திவிட்டால், எஞ்சிய ஈரம் இரவு முழுக்க உள்ளேயே கிடக்கும். பூசணத்துக்கு அதுதான் வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. வைப்பரை எடுத்துத் தரைத் தண்ணீரை ஒரு தடவை ஜல்லடைப் பக்கம் தள்ளிவிடுங்கள். அரை நிமிட வேலை. ஃபேன் முக்கால் மணி நேரம் ஓடிச் செய்வதை அது செய்துவிடும். தண்ணீர் தண்ணீராக இருக்கும்போதே வெளியேற்றிவிட வேண்டும். ஆவியாக்கி வெளியேற்றுவது எப்போதும் கஷ்டமான வழி. தரையில் வாட்டம் சரியில்லாமல் மூலையில் தண்ணீர் தேங்கும் குளியலறையில் எந்த ஃபேனும் தோற்றுத்தான் போகும். கொத்தனார் தம்பிகள் இதை மனதில் வைக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் அன்று மட்டக்கட்டையை வைத்து, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது முழுதும் ஓடி டிராப்பில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இனி, வரும் வழி. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று திணறித்தான் வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். குளியலறையில் நாம் போடுவது ஒரே ஓட்டை. பி.வி.சி. கதவு சட்டத்தோடு இறுக்கமாக ஒட்டி நிற்கிறது. கீழே கிரானைட் வாசற்படி வேறு, தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க. ஃபேன் வெளியே தள்ள முயல்கிறது, உள்ளே வரக் காற்று இல்லை, இறக்கை வெறுமனே சுற்றுகிறது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் காற்றளவு, எதிரே தடை எதுவும் இல்லாத சோதனையில் அளந்தது. கதவு சாத்திய அறையில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

உங்கள் வீட்டில் இது நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் தேவையில்லை. ஃபேனை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஊதுபத்தி ஒன்றை ஃபேனுக்கு ஓரடி கீழே பிடியுங்கள். புகை எந்த வேகத்தில் போகிறது என்று பாருங்கள். இப்போது கதவை ஒரு சாண் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். புகை சட்டென்று வேகம் பிடித்தால் ஃபேன் நன்றாக இருக்கிறது, வழிதான் இல்லை என்று அர்த்தம். கதவு திறந்தும் புகை அங்கேயே சுழன்றால், கோளாறு ஃபேனிலோ வெளிப்பக்கத்திலோ இருக்கிறது. சில வீடுகளில் ஃபேன் போட்டதும் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்பார்கள். வேறு வழி கிடைக்காத ஃபேன், தண்ணீர் வற்றிப்போன தரை டிராப் வழியாகக் காற்றை இழுக்கிறது. மாநகரத்து வீடுகளில் பினாயில் ஊற்றி ஊற்றி மாளாமல் எக்ஸாஸ்ட் ஃபேனைத் திட்டிக்கொண்டிருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மருந்து எளிது. இரண்டரை அடிக் கதவின் அடியில் ஒரு அங்குல இடைவெளி இருந்தால் சின்ன ஃபேனுக்கு அது போதும். வாசற்படி இருப்பதால் முடியாது என்றால் கதவின் கீழ்ப்பாதியில் லூவர் வைக்கலாம், பி.வி.சி. கதவுக்கு ரெடிமேடாகவே கடையில் கிடைக்கிறது. காற்று கீழே நுழைந்து, ஈரத்தரையைத் தடவிக்கொண்டு, எதிர்ச்சுவரின் உச்சியில் வெளியேற வேண்டும். கதவுக்கு நேர் மேலேயே ஃபேன் வைத்தால் காற்று அந்த மூலைக்குள்ளேயே சுற்றி வெளியே போய்விடும். ஷவருக்கு அடியில் இருக்கும் ஈரத்துக்கு அது நடந்ததே தெரியாது.

வெண்டிலேட்டர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இது என்னை மிகவும் வருத்துகிறது. முன்பெல்லாம் குளியலறையில் இரண்டடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி லூவர் வெண்டிலேட்டர் இருக்கும். ஆறேழு கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக இருக்கும். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பகலும் இரவும், யாரும் சுவிட்ச் போடாமலே காற்று போய்வரும். அந்தப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பிளை பலகையை அளவாக வெட்டி அடைத்து, நடுவில் ஆறங்குல ஃபேனைப் பொருத்துகிறோம். ஓடும்போது கொஞ்சம் இழுக்கும். ஓடாத 22 மணி நேரமும் அந்த இடம் சுவர்தான். காற்றோட்டத்துக்கு என்று பணம் செலவழித்து, இருந்த காற்றோட்டத்தையும் அடைத்துவிட்டோம். மின்பணியாளர் தம்பிகளே, ஃபேனைப் பொருத்தும்போது வெண்டிலேட்டரில் பாதியையாவது கண்ணாடிப் பட்டையோடு விட்டுவிடுங்கள். ஆனால் அந்தப் பாதி ஃபேனுக்கு ஒட்டியே இருந்தால், வெளியே தள்ளிய காற்றே திரும்ப உள்ளே வரும். ஓடும்போது மூடி, நிறுத்தியதும் திறக்கும் பட்டைகளாக இருந்தால் நல்லது.

சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி இருக்கும் வரிசை வீடுகளுக்கு வருகிறேன். புதுகும்மிடிப்பூண்டிப் பக்கமும், தேர்வாய்க் கண்டிகை போகும் வழியிலும் எத்தனை வந்துவிட்டன! ஹாலோ பிளாக் சுவர், பல இடங்களில் வெளிப்பூச்சே கிடையாது. மேலே ஷீட். பத்து அறைக்கு இரண்டு குளியலறை. உள்ளே இருப்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் குளித்து முடிப்பதற்குள், இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் வாளியோடு நிற்கிறார். மதியம் அடுத்த கூட்டம், இரவு பத்துக்கு இன்னொன்று. குடும்பம் இருக்கும் வீட்டில் காலையில் நனைந்த குளியலறைக்கு உலர ஒரு பகல் பொழுது கிடைக்கும். இங்கே அந்தப் பொழுதே கிடையாது. ஒரு நாள் முழுக்க நனைந்தே இருக்கும் அறை அது.

அப்படி ஒரு வீட்டில் ஃபேனைக் கழற்றிப் பார்த்தேன். இறக்கையின் முன்விளிம்பில் கரும்பசை ஒரு நெல் கனத்துக்குப் படிந்திருந்தது. இங்கே உருக்காலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இருப்பதால் காற்றில் கருந்தூசு அதிகம். அதோடு குளியலறை ஈரமும் சோப்பு நுரையின் படிவும் சேர்ந்தால் சாதாரணத் துணிக்கு வராது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெளிப்பக்க ஷட்டரின் மூன்று இதழ்களில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஃபேனுக்கு இருந்த பலம் அவற்றைத் தள்ளித் திறக்கப் போதவில்லை. அங்கே குடியிருந்த அம்மா சொன்னார்: “அண்ணே, ராத்திரி பூரா ஓடுது. சத்தம் மட்டும்தான் வருது. காலைல தரை அப்படியேதான் கெடக்குது.” அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. தேங்காய்நார் போட்டு இறக்கையைத் தேய்த்து, ஷட்டர் இதழ்களைக் கழுவி, முளையில் ஒட்டியிருந்த அழுக்கை எடுத்ததும், அதே ஃபேன் ஊதுபத்திப் புகையைப் பிடித்து இழுத்தது. மாதம் ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. பழவேற்காடு, மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்வதால் இரும்பு இறக்கை சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே பிளாஸ்டிக் இறக்கை நல்லது.

இப்படிப் பலர் குளிக்கும் இடங்களில் ஒவ்வொருவரும் சுவிட்ச் போட்டு அணைக்கும் ஏற்பாடே தப்பு. இடைவிடாமல் ஓடும் ஃபேனுக்கு நிமிடத்துக்கு 20 கன அடி போதும் என்று அதே ஆஷ்ரே அளவுகோல் சொல்கிறது. சின்ன ஃபேன், மெதுவான வேகம், நாள் முழுக்க. 30 வாட் ஃபேன் 24 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. பூசணம் பிடித்த சுவரைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் கூலியோடு இதை ஒப்பிட்டு உரிமையாளர்கள் முடிவு செய்யட்டும்.

அடுத்து, திசை. வீட்டுக்காரர்கள் என்னிடம் இதைக் கேட்பதே இல்லை, நானாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அறைகிறது. அந்தச் சுவரில் ஃபேன் இருந்தால், ஈரம் அதிகமாக இருக்கும் மாதங்களில் ஃபேன் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று சுவரில் மோதும்போது ஏறத்தாழ 40 பாஸ்கல் அழுத்தம் உண்டாகிறது. வீட்டுக்கான ஆறங்குல ஃபேன்களில் பல அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள இயலாதவை. காற்று திரும்பி உள்ளே வரும், சாரலோடு. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் நனைத்தபோது எத்தனையோ வீடுகளில் ஃபேன் துவாரம் வழியாகவே மழை உள்ளே கொட்டியது. கரண்டும் இல்லை, ஷட்டரும் மூடவில்லை. ஈசானி மூலையில் குளியலறை வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் காரணம் எதுவோ, இந்த மாவட்டத்தின் மழைக்கு அந்த மூலைதான் முகம் காட்டி நிற்கிறது. தெற்கோ மேற்கோ பார்த்த சுவர் கிடைத்தால் ஃபேனை அங்கே வையுங்கள். கிடைக்காவிட்டால் துவாரத்துக்கு மேல் சன்ஷேடு நீட்டி, கீழ்நோக்கி வாய் திறந்த மூடி ஒன்றைப் பொருத்துங்கள். துவாரத்தின் அடிப்பாகம் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். உள்பக்கம் சரிந்தால் தேங்கும் மழைநீர் சுவருக்குள்ளேயே இறங்கும்; அந்தக் கறையைப் பார்த்துவிட்டு ஃபேன் ஈரத்தை எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

அடுக்குமாடிகளில் ஃபேன் திறப்பது டக்ட் எனப்படும் குறுகிய வானவெளிக்குள். நாலு மாடிக்காரர்களும் தங்கள் ஈரக்காற்றை அதற்குள்தான் தள்ளுகிறார்கள். மேலே கண்ணாடி ஷீட் போட்டு மூடிவிட்டால் அது வெளியே போகாது. உங்கள் ஃபேன் நின்ற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆவி உங்கள் வீட்டுக்குள் வரும். மொட்டைமாடிக்கு ஏறி டக்டின் தலை திறந்திருக்கிறதா என்று சங்கத்துக்காரர்கள் பார்க்க வேண்டும். இன்னும் மோசம், ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஃபேனின் வாயை விட்டுவிடுவது. குழாய் போட்டு வெளிச்சுவர் வரை கொண்டுபோகச் சோம்பல். ஈரம் முழுதும் சீலிங்குக்கு மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஏ.சி. வந்தபிறகு புதிதாக ஒரு தொல்லை. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன்மேல் வியர்க்கும். படுக்கையறையில் ஏ.சி.யை 22-இல் வைத்து இரவெல்லாம் ஓட்டுகிறோம். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் நாலரை அங்குலச் சுவர். அந்தச் சுவர் குளிர்கிறது. குளியலறைப் பக்கம் டைல்ஸில் முத்து முத்தாக நீர் கோக்கிறது. அங்கே யாரும் குளிக்கவே இல்லை! ஃபேன் போட்டால் நிலைமை சில நேரம் இன்னும் மோசமாகும். வெண்டிலேட்டர் வழியாக வெளியிலிருந்து வரும் ஈரக்காற்றை அந்தக் குளிர்ந்த சுவருக்கு மேலும் மேலும் ஊட்டுகிறது. படுக்கையறைப் பக்கமிருந்து இழுத்தால் ஏ.சி. காற்று போய், அதை ஈடுசெய்ய ஜன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்று அறைக்குள் வரும். குளிர்நாட்டில் வீட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளிச்சுவரில் கோத்துக்கொள்ளும். நம் நாட்டு ஏ.சி. வீட்டில் வெளியிலிருக்கும் ஈரம் உட்சுவரில் கோத்துக்கொள்கிறது. ஆகவே ஏ.சி.யை 26-க்குக் குறையாமல் வைத்து, கூடவே அறையின் மின்விசிறியையும் ஓட்டுங்கள். குளித்து முடித்துத் தரையைத் தள்ளிய பிறகு தேவையான நேரம் மட்டும் எக்ஸாஸ்டைப் போடுங்கள்.

ஃபேனுக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லாத ஈரமும் உண்டு. அதைப் பிரித்தறிய ஒரு வழி. ஈரமாகத் தெரியும் சுவரைத் துணியால் துடைத்து, ஒரு முழம் அளவு கனமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது, காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது ஃபேனைத் தொடாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள். கன்சீல்டு பைப் கசிகிறதா என்று பார்க்க, இரவில் எல்லாக் குழாயையும் மூடி, டேங்க் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மேல்மாடிக் குளியலறையின் பள்ளத் தளத்தில் தண்ணீர் தேங்கி உங்கள் கூரையில் கறை விழலாம். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மட்டும் ஒரே சீராக உப்புப் பூத்திருந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். பூச்சு இல்லாத ஹாலோ பிளாக் சுவரானால் மழை வெளியிலிருந்தே ஊறும். கூரை மூலையில் மட்டும் கரும்புள்ளிகள் என்றால்தான் பெரும்பாலும் காற்றோட்டக் குறை.

பூசணத்தைத் தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்; காற்றில்லாத சிறிய அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். டைல்ஸுக்குச் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும். பூசணம் ஏறிய புட்டியைச் சுரண்டி எடுத்து, சுவர் முழுதும் காய்ந்தபிறகு பூசுங்கள். ஈரச்சுவர்மேல் அடிக்கும் பெயிண்ட் அடுத்த ஐப்பசியைக் காணாது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். எர்த் வயர் இழுக்காமல் இரும்புச் சட்ட ஃபேனைப் பொருத்துவது குற்றம் என்றே நான் நினைக்கிறேன். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டுக்குக் கட்டாயம். மழை நாளில் ஃபேன் போட்டதும் அது விழுந்தால், ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். மோட்டாருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது, அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

“குடியிருக்கிறவங்க கண்டபடி தண்ணி ஊத்துறாங்க, அதான் ஓதம்” என்று உரிமையாளர்கள் சொல்வது உண்டு. இப்படிப் பழிபோடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம், வாடகைக் குடியிருப்பு. சுவரெல்லாம் பூசணம். அப்பா புகார் செய்துகொண்டே இருந்தார். வீட்டை நிர்வகித்தவர்கள், அந்தக் குடும்பம் குளிக்கும் முறையும் வாழும் முறையுமே காரணம் என்று ஊகித்துக்கொண்டார்கள். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, நீண்டகாலம் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே சாவுக்குக் காரணம் என்றும், குளியலறையிலும் சமையலறையிலும் போதிய காற்றோட்டம் இல்லை என்றும் தீர்ப்பளித்தார். ஊகம் தவறு என்று நிர்வாகமும் பின்னர் ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தையின் பெயரால் ‘அவாப் சட்டம்’ வந்தது. சமூக வீட்டுவசதி அமைப்புகளின் வாடகைக் குடியிருப்பில் வரும் ஓதப் புகாரைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும் என்ற விதி 2025 அக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சு நோய்களும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே தனிக் கையேடு வெளியிட்டுச் சொல்லிவிட்டது.

குளிப்பது குற்றம் இல்லை. உலையருகே எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் இரண்டு வாளி அதிகமாகத்தான் ஊற்றிக்கொள்வார். அந்தத் தண்ணீர் ஓடவும் உலரவும் வழி செய்வது கட்டியவர் பொறுப்பு. நம் மாநிலத்தில் 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் கட்டமைப்புப் பழுதுகளை உரிமையாளர் கணக்கில்தான் வைக்கிறது. வாஷர் மாற்றுவது, ஃபேனைத் துடைப்பது குடியிருப்பவர் செய்யட்டும். வெண்டிலேட்டரை அடைத்துவிட்டு அவரைக் கேள்வி கேட்கக் கூடாது.

வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான தங்கும் வளாகத்தைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறது. அதைப்போல இந்தப் பக்கமும் வரும் என்று நம்புகிறேன். வரும்வரை நம் ஆட்கள் தங்கப்போவது உங்கள் வரிசை வீடுகளில்தான். புதிதாகக் கட்டுகிறவர்கள் இங்கே பலர் வந்திருக்கிறீர்கள். குளியலறைக்கு இரண்டடி வெண்டிலேட்டர், அதில் திறந்து மூடும் பட்டைகள், தெற்கிலோ மேற்கிலோ ஃபேனுக்குத் தனித் துவாரம், கதவின் கீழ் லூவர், தரையில் வாட்டம், வெளிச்சுவருக்குப் பூச்சு. இவற்றை வரைபடத்திலேயே போடச் சொல்லுங்கள். சுவர் எழும்பியபின் உடைத்துச் செய்வதைவிடச் செலவு மிகக் குறைவு. ஏற்கெனவே கட்டியவர்கள், புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு குளியலறையிலும் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். எங்கே புகை நிற்கிறதோ அந்த அறையைப் பற்றி என்னிடமோ இங்கே இருக்கும் மின்பணியாளர்களிடமோ கேளுங்கள். இன்று கேட்க நினைப்பவர்களுக்காக, கழற்றிய ஃபேன் ஒன்றையும் ஷட்டரையும் மேசைமேல் வைத்திருக்கிறேன். வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.